நடுக்கோட்டில் உட்கார்ந்த ஏழுமலை அண்ணன்

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெருமுக்கல் ஏழுமலை அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார்கள். பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். மரக்காணம் பக்கத்துக் கபடி ஆட்டங்களில் இருபது வருடமாக மைக் பிடிப்பவன் நான். மைக் கையில் இருந்தால் சிங்கம், கீழே வைத்தால் பூனை.

அண்ணன் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு ஆடியவர். எங்கள் ஊர் அணிக்கு மட்டும் ஆறு வருடம் ஆடினார். அவர் ரெய்டு போனால் டீ விற்பவர்கூட கேனைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். ரசிகர்கள் என்றால் பெரும்பாலும் உப்பளத்து ஆட்கள்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். முதல் வரிசையில் எப்போதும் செல்வி அக்கா இருப்பாள். எனக்குப் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்பவள். அண்ணன் பிடிபட்டால் நடுவரின் பரம்பரையையே இழுப்பாள்.

ஒரு வருடம் களத்தில் ஒரு விபத்து நடந்தது. தப்பு எங்களுடையது. உப்புப் பாத்தியில் தண்ணீர் கீழே இறங்கிவிடக் கூடாது என்று களிமண்ணை வரிசையாக நின்று மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவோம். எங்களுக்குத் தெரிந்த தரை அதுதான். ஆடுகளத்தையும் அப்படியே மிதித்தோம். நானும் மிதித்தேன். 'கண்ணாடி மாதிரி தரை' என்று மைக்கில் பெருமையடித்துக்கொண்டேன். அந்த ஆண்டு ஆட்டத்தில் எங்கள் அணியின் சேகரை எதிரணியில் நான்கு பேர் தூக்கிப் போட்டார்கள். கழுத்து தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. மீன் ஏற்றும் வண்டியில் படுக்கவைத்து அனுப்பினோம். சேகர் இன்றுவரை நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆட்டக்காரர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். தரையில் ரப்பர் மேட் விரிக்க வேண்டும், ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நிற்க வேண்டும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று கமிட்டி இழுத்தது. இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் இரண்டு அணிகளும் களத்தில் இறங்கின. வழக்கம்போல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு பதினான்கு பேரும் அணி பார்க்காமல் கலந்து நடுக்கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஏழுமலை அண்ணன்.

கூட்டம் முதலில் சிரித்தது. அப்புறம் விசிலடித்தது. அப்புறம் சவுக்குக் கட்டையில் கட்டிய கேலரியைக் காலால் உதைக்க ஆரம்பித்தது. கட்டைகள் கிறீச்சிட்டன. சரிந்தால் எத்தனை பேர் போவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கமிட்டிச் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டை என் கையில் திணித்தார். "படி" என்றார். படித்தேன்.

"ஏழுமலைதான் யாரையும் ஆட விடாம தடுக்கறாரு. அதனால ஆட்டம் இல்ல."

படித்து முடிப்பதற்குள் செருப்புகள் பறந்தன. தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. செல்வி அக்கா கேலரியில் ஏறி நின்றுகொண்டு கத்தினாள்: "வேலைய வுட்டுட்டு வந்திருக்கோம், நீ குந்திக்கினு இருக்கியா?" எங்கிருந்தோ ஒரு செங்கல் துண்டு வந்து அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. பக்கத்தில் இருந்த ஆட்டக்காரர் பதறி எழப் பார்த்தார். அண்ணன் அவர் முழங்காலில் கை வைத்தார். மைக் மேடையிலிருந்து பத்தடிதான், எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயப்படு, பரவால்ல. எழுந்துக்காத."

போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்த பிறகு அவர் நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "எழுதினது நீ இல்லன்னு தெரியும். பயந்துட்டியா?" என்றார். தலையாட்டினேன். "நானுந்தாம்பா. காலு இன்னும் நடுங்குது பாரு" என்றார். பார்த்தேன். உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் இரண்டு வருடம் எங்கள் ஊரில் ஆட்டமே இல்லை. களத்தில் ஆடு மேய்ந்தது. ரசிகர்கள் அவரை 'ஆட்டத்தைக் கெடுத்தவன்' என்றார்கள். கமிட்டியை யாரும் எதுவும் சொல்லவில்லை. செல்வி அக்கா அவர் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அந்தச் சீட்டில் இருந்தது பாதிதான், மேட்டும் ஆம்புலன்ஸும் கேட்டதை நான் சொல்லாமல் விட்டேன் என்பதை அண்ணன் இருந்தவரை நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

மூன்றாம் வருடம் கமிட்டி இறங்கி வந்தது. மேட் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. கூட்டம் மட்டும் பாதிதான் வந்தது. அண்ணன் அதற்குள் ஆடுவதை நிறுத்தியிருந்தார். ஆனாலும் வருடம் தவறாமல் வருவார். ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து ஏறி, ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பார். இறங்கி, என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் நான் மைக்கில் வணக்கம் சொல்வேன். ஒரு வருடம் கால் முறிந்த ஒருவரை அந்த வண்டி ஏற்றிக்கொண்டு போனது. செல்வி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டு, "இப்டி வந்து குந்துப்பா" என்று அண்ணனைக் கூப்பிட்டாள். மன்னிப்பு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. கடலையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆட்டம். அண்ணனின் உடலை எடுத்த கையோடு செயலாளர் போன் செய்தார். "இந்த வாட்டி ஆம்புலன்ஸ் கெடைக்கல. அவருதான் இல்லையே, யாரு கேக்கப் போறாங்க? நீ ஆரம்பிச்சுடு." சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாவுச் செய்தி வந்தபோது வரப்பில் உட்கார்ந்து நான் பயந்தது இதற்காகத்தான். ஆட்டம் பார்க்க வரும் அதே கூட்டம், அதே கேலரி, இந்தமுறை தலையாட்ட அவர் இல்லை.

ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது நடுக்கோட்டில் அவர் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். பயப்படுவது எனக்கு ஏற்கெனவே நன்றாக வரும். மீதிப் பாதியைத்தான் பழக வேண்டும்.

சாவு முடிந்து பெருமுக்கல்லிலிருந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் செல்வி அக்காவிடம் அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வராவிட்டால் மைக்கை அணைத்துவிட்டு நடுக்கோட்டில் போய் உட்காரப் போகிறேன், பக்கத்தில் வந்து உட்காருவாயா என்று கேட்டேன்.

"மொதல்ல நீ குந்து, பாக்கலாம்" என்றாள்.