நெஞ்சில் தேங்கிய நீர்

காய்ச்சல் விட்ட அன்றுதான் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளில் அப்போது பலருக்கு டிங்கி, கொசுவால் வரும் காய்ச்சல். எனக்கும் டிங்கிதான் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். உடம்பு குளிர்ந்ததும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தினமும் எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூரில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ஏற்கெனவே பல நாள் லீவு.

"நாளைக்கு வேலைக்குப் போறேன்" என்றேன் மனைவியிடம்.

"காய்ச்சல் விட்டுடுச்சு, சரி. அப்புறம் ஏன் மத்தியானம் முழுக்க உக்காந்துகிட்டே தூங்குனீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோனது. படுத்தால் வலப்பக்க நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருந்ததை, வாயு என்றே நினைத்திருந்தேன். அவள் கார் சாவியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். படத்தில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது.

"ரத்தக் குழாயிலேருந்து தண்ணி கசிஞ்சு, நுரையீரலைச் சுத்தித் தேங்கியிருக்கு. காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் இப்படி ஆகும். நல்லவேளை வந்தீங்க."

"ஊசி போட்டு எடுத்துடலாமா டாக்டர்?" மனைவி கேட்டாள்.

"இப்போ குத்துனா ரத்தம் நிக்காதும்மா. ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கசிவு நின்னதும் உடம்பே அதை இழுத்துக்கும். பார்த்துக்கிட்டே இருப்போம்."

மூக்கில் ஆக்சிஜன் குழாய். டிரிப் சொட்டுச் சொட்டாக அளந்து இறங்கியது. கூடினால் அந்த நீரும் நெஞ்சில்தான் போய்ச் சேரும் என்றார்கள். ஒவ்வொரு மூச்சையும் பாதியில் நிறுத்தி, பாதியில் விட்டேன். உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். மனைவி ஆறுதல் சொல்லவில்லை. எங்கள் வரிசையின் வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்துக் காட்டினாள். எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் போட்டு, கொசு பெருகாமலிருக்க லோங்கான் சாக்கடையைச் சுத்தம் செய்கிறார்களாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணன் எங்கள் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரையும் கொட்டிவிட்டாராம். கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தேன்.

பிறகொரு காலை, அடக்க முடியாமல் சிறுநீர் வந்தது. ஒருமுறை, இன்னொருமுறை, மறுபடியும். தாதி கொடுத்த புட்டி நிறைய நிறைய, மனைவி அதை அளப்பதற்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நெஞ்சுல இருந்த தண்ணிதான் திரும்ப ரத்தத்துக்கு வந்து இப்படி வெளியாகுது. இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம், அங்கிள்."

"நானும் என்னமோன்னு பயந்துட்டேன் லா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, கையில் பிடித்திருந்த புட்டியைக் கீழே வைத்தாள்.

சில வாரம் கழித்து மறுபடியும் எக்ஸ்ரே. நுரையீரல் இரண்டும் தெளிவாக இருந்தன. வேலைக்குத் திரும்ப இன்னும் ஒருநாள் மீதி இருந்தது. அவள் காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸுக்கு ஓட்டினாள். சாலையோரக் கடையில் அன்னாசி வெட்டிக் கொடுத்தார்கள். நின்றபடியே தின்றோம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இனி வேண்டாம் என்று அவள் சொன்னாள். சரி என்றேன்.