கிளேபாங்கின் வெள்ளிக்கிழமை மழை

மலாயா சுதந்திரம் அடைந்த புதிதில், மலாக்கா டவுனில் ஒரு வடிகால் எஞ்சினியரின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காஜா பேராங்கில் இருந்த வீட்டிலிருந்து சைக்கிளில் போவேன். புதிய வடிகால்களை எவ்வளவு அகலமாக வெட்டுவது என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குப் பல வருட மழைக் குறிப்புகள் வேண்டும்.

ஒரு நாள் மழைக்கு ஓர் அட்டை. அட்டையின் ஓரமெல்லாம் துளைகள். ஊருக்கு ஒன்று, கிழமைக்கு ஒன்று, மழையளவுக்கு ஒன்று. பொருத்தமான துளையை ஓரம்வரை வெட்டிவிடுவது என் வேலை. பிறகு அட்டைகளை அடுக்கி, நீண்ட ஊசியைத் துளையில் செருகித் தூக்கினால், வெட்டியவை மட்டும் பொலபொலவென்று விழும். நோட்டுகளில் ஒரு வாரம் தேடவேண்டியது ஐந்து நிமிடத்தில் மேசைமேல் கிடக்கும். முதல் தடவை நான் கைதட்டியேவிட்டேன்.

ஒருநாள் கிளேபாங்கின் பெருமழை நாட்களைத் தூக்கினேன். விழுந்ததில் பாதிக்குமேல் வெள்ளிக்கிழமை! பக்கத்துத் தெங்கேராவிலோ அந்நாட்களில் சொட்டு மழை இல்லை.

"சார், கிளேபாங்ல வெள்ளிக்கிழமையானா மழை கொட்டுது."

எஞ்சினியர் சிரித்தார். "மழைக்குக் கிழமை தெரியுமாம்மா? நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த வெள்ளிக்கிழமையே போனேன். ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் மழைமானி இருந்தது. காலைதோறும் அளந்து எழுதுபவர் அவர்தான். அப்போது வெளியே போயிருந்தார். அவர் மனைவி, குத்துவிளக்குகளோடு மழைமானியின் செம்புப் புனலையும் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததை மறுபடி பொருத்தி, ஒரு சின்னச் சொம்புத் தண்ணீரையும் புனலில் ஊற்றி அலசினார்; அது அடியிலிருந்த குப்பியில் தேங்கியது.

"அக்கா, என்ன செய்யிறீங்க?"

"கவர்மெண்டு சாமானாச்சே தங்கச்சி, கறுத்துப்போய் நிக்கலாமா? வெள்ளிக்கிழமை தவறாம விளக்கிடுவேன்."

சனிக்கிழமை காலையில் கணவர் அதை அளந்து, முந்தின நாள் மழை என்று எழுதியிருக்கிறார். நான் அதைச் சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, நான் பெய்ஞ்ச மழையா அது! அவருக்குத் தூங்கினா இடி விழுந்தாலும் தெரியாதே. ராத்திரி பெய்ஞ்சிருக்கும்னு நினைச்சிருப்பாரு!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இனி உலர்ந்த துணியால் வெளிப்பக்கம் மட்டும் துடைப்பதாக ஒப்புக்கொண்டு, எனக்குக் காப்பியும் கொடுத்தார்.

சந்தேகமான அட்டைகளை ஒதுக்கிவிட்டு எஞ்சினியர் மறுபடி கணக்கிட்டார். கிளேபாங் வடிகாலின் அகலம் குறைந்தது. மறுவாரம் தன் வரைபட மேசைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

"அடுத்து செங் ஊரு அட்டையத் தூக்குங்கம்மா, பாப்போம்" என்றார்.