மூன்று வாரத் தும்பிக்கை

என் வழுக்கையைப் பார்த்து மகிழ்ந்த முதல் மனிதர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்.

மூக்கு நுனியில் ஒரு சின்னப் புண் இரண்டு வருடமாக ஆறாமல் இருந்தது. கண்ணாடி உரசுகிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிவைத்திருந்தேன். கண்ணாடி அந்த இடத்தில் உட்காருவதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பரிசோதனையில் தோல் புற்று என்று வந்தது. உடம்பெல்லாம் பரவுகிற ரகம் இல்லையாம். இருக்கிற இடத்தை நிதானமாக அரிக்கிற ரகம். வெட்டி எடுத்தால் போய்விடும். மூக்கு நுனியும் கூடவே போய்விடும்.

"நெத்தித் தோலை எடுத்து வெச்சிடலாம் சார். நிறமும் தடிமனும் மூக்குக்குச் சரியா வரும்," என்றார் டாக்டர். "சில பேருக்கு நெத்தி சின்னதா இருக்கும். முடி இருக்கற தோலும் சேர்ந்து வந்து, அப்புறம் மூக்கு மேல முடி வளரும். உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. நெத்தி அது பாட்டுக்குப் பின்னாடி வரைக்கும் போகுது."

தோலைத் தனியாக வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை இது. நெற்றியில் மூக்களவுக்கு வெட்டி, புருவத்தோரம் மட்டும் காம்பு போல விட்டுவைத்து, அப்படியே திருப்பிக் கீழே இறக்கித் தைக்கிறார்கள். காம்பு வழியாக ரத்தம் வரும். புதுத் தோல் மூக்கோடு ஒட்டிச் சொந்தமாக ரத்தம் தேடிக்கொள்ள மூன்று வாரம். அதற்குப் பிறகுதான் காம்பை அறுப்பார்கள். வெள்ளைக்காரர்களே நம் நாட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டு போன வித்தை இது என்று படித்திருந்ததால், மேசையில் ஒரு தேசியப் பெருமிதத்தோடு படுத்தேன். எழுந்து கண்ணாடி பார்த்தபோது பெருமிதத்தைக் காணவில்லை. புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை ஒரு தும்பிக்கை இருந்தது.

காம்போடு நரம்பும் வருவதால் மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. பத்தாம் நாள் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. நான் நெற்றிக் கட்டைத் தட்டினேன். ஈ நகராமல் வேடிக்கை பார்த்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. என் சர்க்கரை இறங்காததால் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போய், மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினாறு நாள் முன்னால் வந்து நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் 'சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். பெண்ணின் அப்பாவுக்குப் புற்று என்று தெரிந்தால் பேச்சு எந்தப் பக்கம் திரும்புமோ என்ற பயம். சீக்கிரம் அறுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினேன்.

"அறுக்கலாம் சார். மூக்கு கறுத்துப் போச்சுன்னா, இன்னொரு நெத்திக்கு எங்க போறது?"

ஆகவே என் அண்ணன் தட்டு மாற்றட்டும், நான் வீட்டிலிருந்தே வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"பெரியப்பா தட்டு மாத்தறதுக்கு நான் என்ன பெரியப்பா பொண்ணா?" என்றாள் மகள். "நீ வரலன்னா நானும் வரல. தும்பிக்கையோடவே வா. பிள்ளையார் வந்த கணக்கு."

அம்பத்தூர் மண்டப வாசலில் சம்பந்தி நின்றிருந்தார். பக்கத்தில் பாடி என்ற இடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் போய் என் மூக்கைப் பார்த்தார்.

"சின்ன ஆபரேஷன்னு சொன்னீங்க. இன்னா சம்பந்தி இது?"

மறைக்க இனி என்ன இருக்கிறது. புற்று, வெட்டியது, நெற்றித் தோல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பின்னால் நின்ற உறவினர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எப்போ அறுக்கறாங்க?"

"அடுத்த வாரம்."

"அவசரப்பட வுடாதீங்க. சூடு ஆறறதுக்கு முன்ன, புடிச்சிகினு கீற கிளாம்ப எடுத்தா ஜாயிண்ட்டு கோணிக்கும். பட்டறைல பசங்களுக்கு தெனம் இதத்தான் சொல்லிகினு கீறேன்." பிறகு உறவினர்கள் பக்கம் திரும்பினார். "சொம்மா பாத்துகினு நிக்கிறீங்களே, சம்பந்திக்கு ஃபேன் பக்கமா ஒரு சேர் போடுங்க."

இரண்டு வாரமாக நான் ஒத்திகை பார்த்த பயம் அத்தோடு முடிந்தது.

தட்டு மாற்றினோம். சம்பந்திகள் ஒருவருக்கொருவர் நெற்றியில் சந்தனம் வைக்கவேண்டும். நான் அவருக்கு வைத்தேன். அவர் விரலைத் தோய்த்துவிட்டு என் முகத்துக்கு எதிரே நிறுத்தினார். மேலே கட்டு, கீழே தும்பிக்கை.

"எங்க வெக்கறது?" என்றார் மெதுவாக. "நெத்தி கீழ எறங்கிப் பூட்ச்சே."

அந்த நேரம் பார்த்து யாரோ பன்னீர் தெளித்தார்கள். ஒரு சொட்டு என் மூக்கு நுனியில் விழுந்தது. கட்டுக்கு அடியில், நடு நெற்றியில், சந்தனம் வைக்கிற அதே இடத்தில், ஜில்லென்றது.

"வெச்சாச்சு சம்பந்தி," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று சந்தனத்தை என் வழுக்கையின் நடுவில் வைத்தார். அங்கே இடம் தாராளமாக இருந்தது.