ராத்தா கைகாட்டிய சாட்சி

சாம்பிராணிப் புகைக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: “இந்த வீடும் வளவும் என்ட மகளுக்கு.” ஐம்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், எனக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டு ராத்தாவின் நிக்காஹ் அன்று அவருடைய வாப்பா, பள்ளிவாசல் பெரியவர்களான மரைக்கார்மார் முன்னிலையில் சொன்னது. சட்டம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடற்காற்றில் பந்தல் மெல்ல உப்புவதும் தாழ்வதுமாக இருந்தது. காணிப் பத்திரமான உறுதி எழுதவில்லையே என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை. பெற்ற வாப்பாவிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது அந்த வீட்டில் பெரிய மானக்கேடு.

சில வருடங்களில் வாப்பா மௌத்தானார். ராத்தாவின் தம்பி, வீட்டில் பங்கு கேட்டு வழக்காட என்னிடம் வந்தார். அந்த வழக்கை நான் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் நான் கோர்ட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியாகி ஓராண்டுகூட ஆகவில்லை. என்னையும் தேடி ஒருவர் வந்துவிட்டாரே என்ற கிறக்கம். உறுதி இல்லாத காணிக்கொடை செல்லாது, சட்டம் எங்கள் பக்கம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விசாரணைக்கு ராத்தா தனியாகவே வந்தார். அன்றைய மரைக்கார்மார் மௌத்தாகியிருந்தார்கள். மற்றவர்களுக்குக் கோர்ட்டுப் படியேறப் பயம். நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் சொன்னார்: “சாட்சி இருக்கா?”

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைக் கைகாட்டினார். “ஓம், இரிக்கி. அந்தா நிக்கிறாரே, அவரும் அண்டைக்குக் கேட்டவர்தான். கேட்டுப் பாருங்க.”

 நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வாய்ச்சொல்லால் காணி கைமாறாது. ஆகவே அன்று யார் எதைக் கேட்டார் என்பது இவ்வழக்குக்குத் தேவையில்லை. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. ராத்தாவுக்கு மட்டும் விளங்கவில்லை.

“என்ன செல்றார்?” என்று முதலியாரிடம் கேட்டார்.

“உறுதி இல்லையாம்.”

தீர்ப்பு எங்கள் பக்கம். வெளியே, வாகை மர நிழலில் ராத்தா எனக்காக நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வீடு போனாப் போகட்டும் தம்பி. வாப்பா குடுக்கல்ல, மகள் பொய் கதைக்கிறாள் எண்டுதானே இனி ஊர் செல்லும். ஓம், நானும் கேட்டன் எண்டு நீங்க செல்லியிருந்தா உங்கட வழக்குத் தோத்திருக்குமா?”

தோற்றிருக்காது. அதே தீர்ப்புத்தான் வந்திருக்கும். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வழக்குகளை வென்றேன், வெட்கம் போகவில்லை.

ராத்தா மௌத்தாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்ட இந்த வயதில், மாலையில் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் தனியே இருக்கும்போது, “ஓம், நானும் கேட்டன்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். தமிழில்தான் சொல்கிறேன்.