சாரி கேட்ட இடது கை

பேருந்தில் யாராவது வெண்ணிலாவின் காலை மிதித்துவிட்டால், அவள்தான் மிதித்தவரிடம் சாரி சொல்லுவாள். கோவளத்தில் ஏறி, கேளம்பாக்கம் தாண்டி, வண்டலூர் வருவதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கு இல்லை. இப்படிப்பட்ட பெண், பெருங்களத்தூரில் இறங்கி, டயர் கடை மாடியிலுள்ள ஜிம்முக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு அடுத்தவர் விலாவில் குத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? கோவளத்தில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. தையல் வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் அங்கே பேச்சு.

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பிறகு அவள் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு மாறினாள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இல்லை. பழைய ஆட்டத்தில் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு ஓடி வந்தால் புள்ளி. இங்கே தலைக் கவசம் கிடையாது, அவசரமும் கூடாது. முதலில் விலாவில் நாலு வைத்து எதிராளியை மூச்சு வாங்க வைக்க வேண்டும். தலைக்குப் பிறகு போகலாம். வெண்ணிலா இதையெல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பக்கவாட்டில் வளைந்து வரும் அவளுடைய இடது கை ஹூக்கைப் பார்த்து மாஸ்டர் தயாளனே கொஞ்சம் தள்ளி நிற்பார்.

ஆனால் அந்த ஜிம்மில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சிக்காக மோதும்போது ஒரு குத்து நினைத்ததைவிடப் பலமாக விழுந்துவிட்டால், அடித்தவர் உடனே நின்று இடது கையுறையை நீட்ட வேண்டும். அது சாரி. வாங்கியவர் தன் கையுறையால் அதைத் தொடுவார். அது பரவாயில்லை. நாளைக்கும் இதே ஆளோடுதானே மோத வேண்டும்? மூக்கை உடைத்துக்கொண்டே போனால் மோதுவதற்கு ஆள் ஏது? நல்ல வழக்கம்தான். வெண்ணிலாவுக்கோ அது அல்வா சாப்பிடுகிற மாதிரி.

முதல் தொழில்முறைப் போட்டி தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இரண்டாவது சுற்றில் அவளுடைய ஹூக் எதிராளியின் தாடையில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் பெண் தள்ளாடினாள். மண்டபமே எழுந்து நின்றது. அப்போது வெண்ணிலாவின் இடது கை, யாரையும் கேட்காமல், மெல்ல முன்னே நீண்டது.

எதிராளி அந்தச் சாரியை ஏற்றுக்கொள்ளவில்லை. திறந்து கிடந்த கன்னத்தில் வலது கையால் ஒன்று விட்டாள். வெண்ணிலா மண்டபத்தின் அலங்கார விளக்கை மல்லாந்து பார்த்தாள். எழுந்துவிட்டாள், ஆனால் ஆட்டம் போய்விட்டது.

கோவளத்தில் படகு கரைசேரும் இடத்தில் மீன் விற்கும் அவள் அம்மா அங்காளம்மாளும் அன்றைக்கு வந்திருந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே பாட்டு.

"அடிச்சுட்டு இன்னாத்துக்குடி கைய நீட்ன? மண்டபத்த பாத்ததும் மொய் வெக்க வந்தோம்னு நெனச்சிகினியா?"

"தெர்லம்மா. தானா போச்சு."

"இத்தினி வருசமா மீன் விக்கறேன். எவகிட்டனா சாரி கேட்டுகீறனா நானு?"

உண்மைதான். அங்காளம்மாள் யாரிடமும் சாரி கேட்டதற்குக் கோவளத்தில் ஒரு சாட்சிகூடக் கிடையாது. மகளுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்பது இன்றைக்கும் அவளுக்குப் புரியாத விஷயம்.

போட்டி நடத்துபவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள்: இன்னும் ஒரு வாய்ப்பு தருகிறோம், அதிலும் தோற்றால் இனி கூப்பிட மாட்டோம். அதற்குப் பிறகு என்ன? ஒரகடம் கம்பெனியில் வேலைக்கு அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். கம்பெனி வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெண்ணிலாவுக்கு அது வேண்டாம், இதுதான் வேண்டும். அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளோடு தினமும் மோதுகிறவள் ஜோசலின். தாம்பரத்துக்காரி, டீச்சர் மகள். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ். வெண்ணிலா தோற்ற ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள்.

"இது உன் குணம் இல்லடி வெண்ணி. தினமும் எதைப் ப்ராக்டிஸ் பண்றோமோ அதுதான் மேட்ச்ல வரும். நாம ரெண்டு பேரும் தினமும் சாரி கேக்கத்தானே ப்ராக்டிஸ் பண்ணியிருக்கோம்?"

வெண்ணிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குத்தும் பழகியிருக்கிறாள், குத்தின பிறகு நிற்பதையும் சேர்த்தே பழகியிருக்கிறாள்!

அன்றிலிருந்து வளையத்துக்குள் சாரிக்குத் தடை. அடித்த கை நேராகத் தன் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும், போனை எடுத்துக் காதில் வைப்பதுபோல. அவள் ஹூக் விடும்போதெல்லாம் ஜிம்மே "போன எடு!" என்று கத்தியது. கை நீண்டால் வெண்ணிலாவின் கன்னத்தில் ஜோசலின் ஒன்று தட்டுவாள். முதல் வாரம் கன்னம் சிவந்தே கிடந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று மெதுவாகச் செய்து பார்த்தாள். கை திரும்பப் பழகியதும் காலுக்கு வந்தார்கள்: அடித்த இடத்திலேயே நிற்காமல், எதிராளியின் வலது கை வரும் வழியைவிட்டு அரை அடி விலக வேண்டும். விலகின இடத்திலிருந்து விலாவுக்கு இன்னொரு ஹூக். கை வந்தால் கால் மறந்தது, கால் வந்தால் கை மறந்தது. இரண்டும் சேர்ந்து வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

ஒருநாள் பேருந்தில் யாரோ காலை மிதித்தார்கள். வெண்ணிலாவின் வாயில் சாரி வரவில்லை. இடது கைதான் விருட்டென்று கன்னத்துக்குப் போனது.

"இன்னா கண்ணு, பல்லு வலியா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

வெண்ணிலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜிம்முக்குப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டாவது போட்டியும் அதே மண்டபம். எதிராளி படப்பைப் பெண் ஜோதிலட்சுமி. அவளுக்கு அதுதான் முதல் தொழில்முறை ஆட்டம், ஆனால் அடி ஒவ்வொன்றும் இடி. கடைசிச் சுற்று வரை யார் முன்னால் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சுற்றின் நடுவில் ஜோதிலட்சுமியின் வலது கை வெண்ணிலாவின் புருவத்தில் பளீரென்று இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது.

பூச்சி விலகியதும் வெண்ணிலா பார்த்தாள். ஜோதிலட்சுமியின் இடது கையுறை மெல்ல முன்னே நீண்டு வந்துகொண்டிருந்தது.

அடிப் பாவி, நீயுமா! படப்பை ஜிம்மிலும் இதே வழக்கம்தான் போலிருக்கிறது. அந்தக் கையைப் பற்றி வெண்ணிலாவைவிடத் தெரிந்தவர் மண்டபத்தில் யாரும் இல்லை. நெஞ்சு ஒரு கணம் இளகத்தான் செய்தது. தொட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிடலாம்போல இருந்தது. அதற்குள் அவள் கால் அரை அடி விலகிவிட்டது. ஹூக் விலாவில் இறங்கியது. இறங்கிய கை கன்னத்துக்குத் திரும்பிவிட்டது.

ஜோதிலட்சுமி முழங்காலில் உட்கார்ந்தாள். நடுவர் எண்ணி முடிக்கும் முன் எழுந்து நின்றாள், கடைசி மணி வரை ஆடவும் செய்தாள். தீர்ப்பில் வெண்ணிலாவின் கைதான் உயர்ந்தது. அங்காளம்மாள் போட்ட சத்தத்தில் நடுவர் திரும்பிப் பார்த்தார்.

மணமகள் அறையில்தான் உடை மாற்றிக்கொண்டார்கள். ஜோதிலட்சுமி விலாவில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா உள்ளே வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நான் சாரி கேட்டேன். நீ பாத்த. பாத்துட்டுதான அடிச்ச?"

வெண்ணிலாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா. பாத்துட்டுதான் அடிச்சேன்."

வெண்ணிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தபா இதே மண்டபத்துல நானும் கைய நீட்டிகினு நின்னேன். என்னியும் அப்டித்தான் படுக்க வெச்சாங்க. திங்கக்கெழம பெருங்களத்தூர் வா. அந்தக் கைய வேற எடத்துக்கு அனுப்பலாம்."

"வந்தா அடிப்பியே?"

"அடிப்பேன்."

ஜோதிலட்சுமி சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்து, "ஐயோ" என்று ஐஸ் பையை அழுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை இல்லை, விலா ஆறிய பிறகுதான் வந்தாள். வந்த அன்றைக்கே இடது கையால் வெண்ணிலாவின் மூக்கில் ஒன்று வைத்தாள். வைத்த கை நீளவா திரும்பவா என்று தெரியாமல் பாதி வழியில் நின்றது. வெண்ணிலா அவளுடைய திறந்த கன்னத்தில் ஒன்று தட்டினாள், சாரி சொல்லவில்லை.