முகம் மூடாத டோலி

போன ஐப்பசியில் ஒரு படம் எல்லாருடைய செல்போனிலும் சுற்றியது. நடிகர் மல்லன் கேசவ் ஒரு கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடப்பார். கன்னத்தில் கண்ணீர் இருக்கும். படத்தின் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியும், அதைத் தாங்கும் ஒரு தோளும் தெரியும். தோளுக்கு மேலே தலையை வெட்டிவிட்டார்கள். அந்தத் தோளுக்கு உரியவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அவர் பெயர் தாண்டவராயன். வயது ஐம்பத்திரண்டு. ஜவ்வாது மலையில் கொட்டாம்பாறை என்ற எங்கள் ஊரில் சாமை விதைக்கிறார். எங்களுக்குத் தார்ரோடு நான்கு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அதுவரை மண்பாதைதான். மழை வந்தால் ஓடை அதை அறுத்துவிடும், ஜீப் ஏறாது. அப்போது நோயாளியைக் கம்பளியில் படுக்க வைத்து, கம்பளியைக் கழியில் கட்டி, ஆட்கள் தோள் மாற்றிச் சுமந்து இறக்குவோம். அதுதான் டோலி. ஆனால் முன்தோள் மட்டும் இருபத்தெட்டு வருஷமாகத் தாண்டவராயனுடையது. கழி உட்காரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் காய்த்திருக்கிறது. செங்கத்தில் சட்டைக்கு அளவெடுத்த டெய்லர், "இன்னாங்க, கட்டியா?" என்று பயந்து கேட்டாராம். "இல்லீங்க, கழி" என்றாராம் இவர்.

டோலியில் அவர் இரண்டு விஷயங்களை விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு வளைவிலும் படுத்திருப்பவரை வீட்டில் கூப்பிடும் பெயரால் கூப்பிடுவார். பதில் வந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். இன்னொன்று, படுத்திருப்பவரின் முகத்தை மூடக் கூடாது. எங்கள் மலையில் டோலியில் முகம் மூடியிருந்தால் அது பிணம்.

அவருக்கு ஒரே மகள் பூவிழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பிரசவத்துக்கு அந்த டோலியில்தான் இறக்கினார். ஏழாவது வளைவில் குழந்தை பிறந்தது. பிறந்த இடத்திலேயே போய்விட்டது. அன்றிலிருந்து அவர் பாதை கேட்டு மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். போன ஐப்பசியில் பூவிழிக்கு மறுபடியும் எட்டாம் மாதம். அவர் வானத்தைப் பார்த்தபடியே திரிந்தார்.

அந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் எங்கள் ஊர்ப் பாறைக்கு வந்தார்கள். மல்லன் கேசவ் கோதாவில் மல்யுத்தம் செய்துவிட்டு நடிக்க வந்தவர். எந்தப் படத்திலும் அவர் முதுகு மண்ணில் படக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவார்களாம். இந்தப் படத்தில் ஒரு மலைக்காரன் அவரைத் தூக்கிப் போடும் சண்டை இருந்ததாம். அதையும் மாற்றிவிட்டார்கள் என்று லைட் பிடிப்பவர்கள் சொன்னார்கள். அவர் உயரமாகத் தெரிய, போட்டோ எடுப்பவர் மண்டி போட்டுக் கீழேயிருந்துதான் எடுக்க வேண்டும். மேனேஜர் நவீன்குமார் காலையிலேயே ஊர்க்காரர்களின் போன்களை ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் மதியம் திடீரென்று மழை பிடித்தது. எல்லாரும் ஓடினார்கள். மல்லன் கேசவ் பாசிப் பாறையில் சறுக்கி, முழங்கால் திரும்பி, மல்லாக்க விழுந்தார். ஓடை பாதையை அறுத்திருந்தது. ஜீப்புகள் கீழே ரோட்டுப் பக்கமே நின்றுவிட்டன.

தாண்டவராயன் கழியோடு வந்தார். நான்கு பேர் போதாது என்று ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டார்.

"என்னைத் தொட்டில்ல தூக்குறதா? நடந்தே வர்றேன், விடுய்யா" என்று எழுந்தார் மல்லன். எழுந்த வேகத்தில் அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

நவீன்குமார் ஒரு துண்டோடு ஓடிவந்தார். "பெரியவரே, சார் முகத்தை மூடிடுங்க. ரோட்டுல நூறு போன் இருக்கும்."

"மூஞ்ச மூடக் கூடாதுங்க. எங்க பக்கம் அது ஆகாது."

"மூடுங்கன்னா மூடுங்க" என்றார் மல்லன். வலியில் இருப்பவரோடு வாதாட வேண்டாம் என்று தாண்டவராயன் விட்டுவிட்டார். அவர் செய்த தப்பு அதுதான்.

"செரிங்க. வூட்ல உங்கள இன்னா பேர்ல கூப்புடுவாங்க?"

"எதுக்கு?"

"வளைவுல நான் கூப்புடுவேன். நீங்க கொரல் குடுக்கணும்."

துண்டுக்குள்ளிருந்து மெல்ல வந்தது. "குட்டி."

பின்கழியில் இருந்த பார்த்திபன் சிரிப்பை அடக்க முடியாமல், "இம்மாங்கனம் கனக்குது, குட்டியாம்" என்றான். தாண்டவராயன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

ஆறு வளைவுகள் தாண்டினார்கள். ஒவ்வொன்றிலும் "குட்டி?" என்றார் இவர். துண்டுக்குள்ளிருந்து "ம்" வந்தது.

ஏழாவது வளைவை ஒட்டித் தாண்டவராயனின் தங்கை மாணிக்கம்மாளின் சாமைக் கொல்லை. மழை விட்டதும் களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மேலேயிருந்து டோலி வருகிறது. முன்னால் அண்ணன். முகம் மூடியிருக்கிறது.

"ஐயோ பூவிழி! எங்கண்ணு போச்சே! ரெண்டாவது தபாவும் இந்த எடத்துலயே காவு குடுத்துட்டனே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து டோலியின் மேல் விழுந்தாள். கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவில் நின்றது.

"இன்னாண்ணா, காலு இம்மாம் பெருசா கீது?"

"அம்மா, நான் பூவிழி இல்லீங்க" என்றது துண்டு.

மாணிக்கம்மாள் வீறிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தூக்கியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தாண்டவராயன் மட்டும் சிரிக்கவில்லை. டோலியில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒப்பாரி அவருக்குள் இறங்கிவிட்டது. "எறக்குங்கடா" என்றார். கழியை மறுபடி எடுக்கக் கை வரவில்லை.

"யாருண்ணே பூவிழி?" என்று கேட்டார் மல்லன்.

"எம் பொண்ணுங்க. எட்டு மாசம். போன தபா இதே எடத்துலதான் கொயந்த போச்சு. அடுத்த மாசம் மறுபடி இப்டித்தான் தூக்கியாரணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அப்பவும் மய பெய்யும்."

மல்லன் துண்டைத் தானே இழுத்துத் தூர எறிந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சார், கீழ போன் வெச்சிக்கிட்டு நிப்பாங்க சார்!" என்று கூடவே நடந்துவந்த நவீன்குமார் பதறினார்.

"நிக்கட்டும்."

மீதி வளைவுகளில் அவர் கை கழியைப் பிடித்திருந்தது. "குட்டி?" என்றதும், "இருக்கேண்ணே" என்று முழுசாகப் பதில் சொன்னார்.

ரோட்டில் யாரோ எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. அன்று மாலையே அவருடைய அலுவலகம் அறிக்கை விட்டது. அது சினிமாவில் வரும் ஒரு காட்சிதானாம், சாருக்குச் சின்ன அடிகூட இல்லையாம். தாண்டவராயன் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இது சினிமான்னு அவங்களே சொல்லிட்டாங்களே பெரியவரே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்தவர் காட்டோரம் போய்ப் புது மூங்கில் ஒன்று வெட்டி வந்தார். பூவிழியின் உயரத்துக்குக் கம்பளியை அளந்து முடிச்சுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்தாம் நாள் மல்லன் கேசவ் ஒரு வீடியோ போட்டார். காலில் மாவுக்கட்டு. எப்போதும் தலையில் வைத்துக்கொள்ளும் விக் இல்லை, முன்மண்டை வழுக்கை. "அது சீன் இல்லைங்க. நான் மல்லாக்க விழுந்தேன். தாண்டவராயன்னு ஒரு அண்ணன் என்னைத் தோள்ல சுமந்தாரு. அடுத்த மாசம் அவர் பொண்ணையும் அதே மாதிரி சுமக்கப் போறாரு. யாராவது பாதையைப் பாருங்க." அவ்வளவுதான் பேசினார். ஒரு பெரிய படம் அவர் கையைவிட்டுப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

அந்த வாரமே ஜேசிபி வந்தது. ஓடையில் பெரிய குழாய்கள் பதித்து மேலே மண் கொட்டினார்கள். தார் இன்னும் போடவில்லை. ஆனால் கார்த்திகைக் கடைசியில், நல்ல மழையில், பூவிழிக்கு வலி எடுத்தபோது ஜீப் அவள் வீட்டு வாசல்வரை வந்தது.

தாண்டவராயன் முன்சீட்டில் உட்கார்ந்தார். வளைவு வந்ததும் பழக்கத்தில், "பூவு?" என்று கூப்பிட்டார்.

"கீறேம்ப்பா."

இருக்கிறேன் என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. அடுத்த வளைவிலும் கூப்பிட்டார். அதற்கடுத்த வளைவிலும். ஏழாவது வளைவு வந்தபோது அவர் கூப்பிடவில்லை, தலையைத் திருப்பி அவளையே பார்த்தார். ஜீப் மெதுவாகத் திரும்பியது. பின்னாலிருந்து பூவிழியே, பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.

"கீறேம்ப்பா. நீ ரோட்ட பாரு."