எட்டாம் மேசையின் லேபிள்

கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் சில வரிகள், இன்னொரு ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுக்கும் என்பதைப் புத்தகத்தில் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்று தடவையும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பரீட்சையில் கேட்பதற்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்த விஷயம் என்றுதான் அதைப் பற்றி என் அபிப்பிராயம். அது எனக்கு உண்மையாகவே புரிந்த அன்று, என்னால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். நெல்லித்தோப்பில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியையும் சேர்த்து நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனிக்கு, லேபிள் அச்சடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே எட்டு மேசைகள், மேசைக்கு ஒரு பெண். கீறல் விழுந்த மூடிகளைப் பொறுக்கித் தள்ளிவிட்டு நல்லவற்றைப் பெட்டியில் நிரப்புவது அவர்கள் வேலை. பெட்டி நிறைந்ததும் தன் மேசை எண்ணைச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கான பட்டனை அழுத்துவார். தேதியும் ஒரு நீளமான எண்ணும் போட்டு லேபிள் வரும். அந்த எண்ணின் கடைசி இலக்கம்தான் மேசை. அதற்கு முன்பெல்லாம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தன் எண்ணை எழுதிப் பெட்டிக்குள் போடுவார்களாம். அந்தச் சீட்டுப் பழக்கத்தை ஒழித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஒப்படைத்த அன்று எட்டாம் பட்டனை அழுத்திக் காட்டினேன். கடைசியில் எட்டு என்று வந்தது. மவுஸ் அந்தப் பக்கம் இருந்தது, அழுத்தினேன், அவ்வளவுதான். கடைசிப் பட்டன் சரியாக இருந்தால் மற்ற ஏழும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள சோம்பேறித்தனம்.

மூன்று வாரம் கழித்து, லேபிளில் எழுத்து ஓரமாக விழுகிறது என்று கூப்பிட்டார்கள். டவுன் பஸ் பிடித்துப் போனேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே வரவேற்றார். "ஒங்க சிஸ்டம் வந்தப்பறம்தான்மா தெரிஞ்சுது, யாரு ஒழுங்கா வேல செய்யலன்னு. கீறல் மூடி இருக்குன்னு மருந்துக் கம்பெனிங்ககிட்டேருந்து திரும்பி வர்ற பெட்டி அத்தனையும் எட்டாம் மேசைதான். சனிக்கெழமையோட அந்தப் பொண்ண நிறுத்தப் போறோம்" என்றார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

அவர் சாப்பிடப் போனதும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் திரும்பி வந்த பெட்டி ஒன்று.

"மேடம், இந்த லேபிள் மிஷின் போட்டது நீங்கதானா? நான் எட்டாம் மேசை."

குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றேன். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலைங்க. போன செவ்வாக்கெழம நான் லீவு. பையனுக்கு ஜொரம், கதிர்காமம் ஆஸ்பத்திரியில நின்னுட்டிருந்தேன். அன்னிக்கு என் மேசையில யாருமே ஒக்காரல. அந்தத் தேதி போட்ட பெட்டியிலயும் எட்டுதான் இருக்குது. அது எப்பிடின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். அவள் செய்தது வேறு. நான் மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எனக்காகக் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத்தான் ஒன்றாம் பட்டனை அழுத்தினேன். லேபிள் வந்தது. கடைசியில் எட்டு. இரண்டை அழுத்தினேன், எட்டு. ஏழு வரைக்கும் அழுத்திவிட்டேன். ஏழு லேபிளிலும் எட்டு. எல்லாப் பெட்டியும் எட்டாம் மேசையாகத்தான் மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல பெட்டியின் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. திரும்பி வந்ததை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"கொஞ்ச நேரம் குடுங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

நான் எழுதிய வரிகளைத் திறந்தேன். எட்டுப் பட்டன்களையும் ஒரே லூப்பில், அதாவது அதே வரிகளை எட்டுத் தடவை சுற்றவிட்டு, செய்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் மேசை எண்ணை வேரியபிள் என்கிற ஓர் இடத்தில் போட்டு, பட்டனை அழுத்தினால் அந்த வேரியபிளில் இருப்பதை அச்சிடு என்று ஒரு ஃபங்ஷனை மாட்டியிருந்தேன். ஒன்றாம் ஃபங்ஷன் ஒன்று என்ற எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும் என்று நான் நம்பினேன். அது எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, அந்த வேரியபிளைத்தான் பிடித்து வைத்திருந்தது. எட்டு ஃபங்ஷன்களுக்கும் அந்த ஒரே வேரியபிள்தான். எட்டுப் பேரை ஒரே கரும்பலகையின் முன்னால் நிறுத்தி, கூப்பிடும்போது அதைப் பார்த்து உன் எண்ணைச் சொல் என்ற மாதிரி. கூப்பிடுகிற நேரத்தில் பலகையில் கடைசியாக எழுதிய எட்டுதான் மிச்சம்.

அப்போதுதான் புத்தகத்தின் அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணைத் தனக்குள் வைத்திருக்கிற புது ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும். எட்டுத் தடவை கூப்பிட்டேன், தனித்தனியாக எட்டு ஃபங்ஷன்கள் வந்தன. நான் ஒழித்துக்கட்டிய அந்தத் துண்டுச் சீட்டு செய்துகொண்டிருந்த வேலையும் இதுதான், ஆளுக்கு ஒன்று, அவரவர் கையோடு. மொத்தம் நான்கு வரி. ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் ஒரு பட்டன் விடாமல் அழுத்திப் பார்த்தேன். அவரவர் எண் வந்தது.

முதலாளிக்குச் செல்லில் சொன்னேன். "சரி பண்ணிட்டல்ல? வாய மூடிக்கிட்டு வந்துடு. அடுத்த வேலயும் அவங்ககிட்டேருந்துதான் வரணும்" என்றார்.

"அந்தப் பொண்ணு சார்?"

"அது அவங்க கம்பெனி விஷயம்."

வாயை மூடிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சனிக்கிழமை அவளை நிறுத்துவார்கள். திங்கட்கிழமையிலிருந்து எட்டாம் மேசைப் பெட்டிகள் திரும்பி வருவது நின்றுபோகும். பார்த்தாயா, அவள்தான் என்பார்கள். என் திருத்தமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்மேல் யாரும் பழிகூடப் போடவில்லை. வேலை போனதையே அவரால் தாங்க முடியவில்லை.

சூப்பர்வைசர் திரும்பி வந்ததும் ஏழு லேபிள்களையும் அவர்முன் வரிசையாக வைத்தேன். "சார், தப்பு என்னோடது. எந்த மேசைக்கு அழுத்தினாலும் எட்டுன்னு வர்ற மாதிரி எழுதியிருக்கேன். அவங்க மேல ஒண்ணுமில்ல."

அவர் லேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "அப்ப கீறல் மூடியெல்லாம் யாரு விட்டது?"

"தெரியாது சார். இந்த மூணு வாரத்துக்கு இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "எழுதிக் குடும்மா. நானும் மேல காட்டணும்" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி பிறகு என்னை ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தார், ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் அவரே உட்கார்ந்து எங்கள் மற்ற புரோகிராம்களின் பட்டன்களையெல்லாம் வரிசையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அன்று அங்கிருந்து கிளம்புவதற்கு முன் எட்டாம் மேசைக்குப் போனேன். "தப்பு என்மேலதாங்க. சார்கிட்ட சொல்லிட்டேன். ஒங்கள நிறுத்த மாட்டாங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். மற்ற மேசைகளில் ஏழு பேரும் குனிந்து வேலை பார்ப்பது போல இருந்தார்கள்.

"எனக்கு மட்டும் சொன்னா எப்பிடிங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. மூணு வாரமா யாரும் எங்கூட ஒக்காந்து சாப்புடல."

சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் மூடி செய்கிற மிஷினை நிறுத்தினார். அந்த அமைதியில், என் வாழ்க்கையில் அதற்கு முன் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை, தப்பு நான் செய்தது, எட்டாம் மேசை செய்தது இல்லை என்று சொன்னேன். மூன்றாம் மேசைப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவளிடம் திரும்பி, "ரொம்ப நன்றிங்க" என்றேன். அவள் கேட்காமல் போயிருந்தால் நான் எப்படிப்பட்ட ஆளாக ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அவள் மூடிகளைக் கையில் அள்ளியபடி சொன்னாள். "இருக்கட்டும் மேடம். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சு. ஒவ்வொரு மூடியையும் ரெண்டு தடவ பாத்துப் பாத்துதான் போட்டுட்டிருந்தேன்."

அந்த மூன்று வாரத்தில் என் கையை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.